புகை கலையும் முன்

நண்பர்களே, துப்பாக்கி வெடித்தபின் அதன் வாயில் புகை எத்தனை நேரம் நிற்கும்? சில விநாடிகள். அதற்குள் யாராவது கதவைத் திறந்துவிட்டால் சுட்டவன் அகப்பட்டான். மறுக்கவே முடியாத சான்றை ஆங்கிலத்தில் 'ஸ்மோக்கிங் கன்', அதாவது புகையும் துப்பாக்கி என்பார்கள். குட்டு உடைவதைச் சொல்லும் ஆங்கிலத் தொடர்களில் இந்த அவசரம் எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிறது.

'ரெட் ஹேண்டட்' என்பதில் உள்ள சிவப்பு, ரத்தம். ஸ்காட்லாந்தின் 15ஆம் நூற்றாண்டுச் சட்டங்களிலேயே 'சிவந்த கை' வருகிறது. கழுவினால் போய்விடும், ஆகவே கழுவுமுன் பிடிக்க வேண்டும். இன்று பிஸ்கட் திருடும் குழந்தைக்கும் அந்தக் கொலைக் கையையே மாட்டிவிடுகிறார்கள்! நம் 'கையும் களவுமாக' அந்த அளவுக்குப் போவதில்லை. 'சாயம் வெளுத்தது' என்பதோ இன்னும் பொறுமைசாலி. மழை வரும்வரை காத்திருக்கும்.

ரகசியத்தை உளறிவிடுவதை ஆங்கிலத்தில் பையிலிருந்து பூனையை வெளியே விடுவது என்பார்கள். இந்தத் தொடரில் பிடிப்பவன் இல்லை, நழுவவிடுபவன்தான் உண்டு. பன்றிக்குட்டி என்று சொல்லிப் பூனையைக் கட்டி விற்ற கதையை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது. கதை அவ்வளவு கச்சிதமாக இருப்பதே எனக்குச் சந்தேகம். நம் பத்திரிகைகளும் 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' என்று எழுதுகின்றன. பூனை வந்து சேர்ந்தது, பை வழியில் விழுந்துவிட்டது.

துப்பாக்கிக்குத் திரும்புகிறேன். 1972 ஜூன் 17 அன்று, வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டார்கள். ஆறு நாள் கழித்து அதிபர் நிக்சன் தம் உதவியாளர் ஹால்ட்மனிடம் பேசுகிறார்: உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வைக் கொண்டு, இந்த ஊடுருவல் பற்றிய எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையின் விசாரணையை நிறுத்தச் சொல்லலாம். ஒட்டுக்கேட்டவர் எவரும் இல்லை. நிக்சனே தம் அறையில் பொருத்தவைத்த ஒலிப்பதிவுக் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின், 1974 ஆகஸ்ட் 5 அன்று அந்த நாடா வெளியானது. அதைத்தான் அமெரிக்கர்கள் 'புகையும் துப்பாக்கி' என்றார்கள். விநாடியில் கலைந்திருக்க வேண்டிய புகை, இரண்டு ஆண்டுகள் நாடாவுக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.