பத்து வயசுத் தொண்டையும் பாட்டுப் போட்டி மேடையும்

[திரையில்: மேடை வெளிச்சம், கையில் மைக்கோடு ஒரு சிறுமியின் நிழலுருவம்]

டிவி பாட்டுப் போட்டியில ஒரு குழந்தை மேல் ஸ்தாயிக்கு ஏறி, அங்கேயே நின்னு ஒரு சங்கதி போடுது. நடுவர் எழுந்து நிக்கிறார். "பத்து வயசுல இப்படி ஒரு குரலா, பெரியவங்க மாதிரியே பாடுறியே"ன்னு சொல்றார். அரங்கமே கை தட்டுது.

அந்தப் பாராட்டுல எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு. பெரியவங்க மாதிரி பாடுறதுதான் குழந்தைக்குப் பெருமைன்னு யார் முடிவு பண்ணது? அந்தத் தொண்டை பெரியவங்க தொண்டை இல்லையே. அது இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கு. இந்தப் போட்டிகளைப் பத்திப் பேசணும்னா அந்தத் தொண்டைக்குள்ள இருந்துதான் ஆரம்பிக்கணும்.

[திரையில்: குரல்வளையை மேலிருந்து பார்க்கும் வரைபடம், இரண்டு குரல் நாண்கள் திறந்து மூடுகின்றன]

குரல்வளைக்குள்ள ரெண்டு குரல் நாண்கள். வளர்ந்த ஆணுக்கு இதோட நீளம் சுமாரா 17-லேர்ந்து 25 மில்லிமீட்டர், பெண்ணுக்கு 12-லேர்ந்து 17. குழந்தைக்கு அதைவிடவும் குட்டை. மூச்சுக்காத்து மேல வரும்போது இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி மோதிப் பிரியும். 440 ஹெர்ட்ஸ் சுரம்னா ஒரு செகண்டுக்கு 440 மோதல். ஒரு பாட்டுல மேல்சுரத்தை மூணு செகண்ட் இழுத்துப் பிடிச்சா, அந்த ஒரு இடத்துல மட்டுமே ஆயிரத்துக்கும் மேல ஆயிடுது.

நீளம் மட்டும் வித்தியாசம் இல்ல. குரல் நாண் பல அடுக்கா இருக்கும். நடுவுல ஒரு நார் அடுக்கு, இழுவையைத் தாங்குறது அதுதான். பிறக்கும்போது அந்த அடுக்கு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமா உருவாகி, பதின்ம வயசு முடியுற சமயத்துலதான் முழுசா அமையுது. பெரியவங்க ஒரு உச்ச சுரத்தைப் பலமா அடிக்கும்போது அந்த இழுவையை ஏத்துக்க ஒரு அமைப்பு இருக்கு. பத்து வயசுல அது பாதி வேலையில நிக்குது.

அதனால குழந்தைங்க மேல பாடவே கூடாதுன்னு அர்த்தமில்ல. லேசா, மெல்லிசா மேல போறது அவங்களுக்கு இயல்பு. சிக்கல் வர்றது மேலயும் போகணும், சத்தமாவும் இருக்கணும், கூடவே பெரியவங்க குரல் மாதிரி கனமாவும் இருக்கணும்னு மூணையும் சேர்த்துக் கேக்கும்போது. டிவி மேடை பெரும்பாலும் அதைத்தான் கேக்குது.

[திரையில்: ஹார்மோனியக் கட்டைகள், ஒன்றரைக் கட்டையும் ஐந்தரைக் கட்டையும் நிறம் மாறுகின்றன]

இப்போ சுருதிக்கு வருவோம். போட்டியோட பாதி முடிவு இங்கதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். நடுவர் மேசையில இதைப் பத்திப் பேச்சே வராது.

ஒரு ஆண் பாடகர் ஒன்றரைக் கட்டையில பாடின பாட்டை எடுத்துக்குவோம். கட்டைங்கிறது பாட்டோட 'ச' எவ்வளவு உயரத்துல இருக்குன்னு சொல்ற அளவு. கீழ் சட்ஜம், அதாவது கீழ் 'ச', கிட்டத்தட்ட 139 ஹெர்ட்ஸ். பாட்டோட உச்சம் மேல் பஞ்சமம், அதாவது மேல் 'ப'ன்னா அது 415. இதை ஒரு பத்து வயசுக் குழந்தை அப்படியே பாட முடியுமா? முடியாது. அந்த வயசுக்கு 220-க்குக் கீழ குரல் காத்தாப் போக ஆரம்பிச்சிடும், 139-ங்கிறது எட்டவே எட்டாது. சரி, ஒரு ஸ்தாயி, அதாவது அதிர்வு ரெண்டு மடங்காகுற அளவு, ஏத்திப் பாடட்டும்னா, உச்சம் 830-க்குப் போய் நிக்கும். அங்க போனா வர்றது கீச்சுச் சத்தம்தான், வார்த்தை புரியாது.

அப்போ என்ன செய்யணும்? பாட்டையே நகர்த்தணும். ஐந்தரைக் கட்டைக்குக் கொண்டு வந்தா சட்ஜம் 208, மேல் பஞ்சமம் 622. கீழ கொஞ்சம் சிரமம், மேல கொஞ்சம் உழைப்பு, ஆனா பாடலாம். சட்டை தைக்கிற மாதிரி ஒவ்வொரு குழந்தைக்கும் தனியா அளவெடுக்கிற வேலை இது. இன்னொருத்தர் அளவு இவங்களுக்குப் பொருந்தாது. ஆறு மாசம் முன்னாடி எடுத்த அளவு அதே குழந்தைக்கே பொருந்தாமப் போகலாம்.

நேரலை வாத்தியக் குழு இருக்கிற நிகழ்ச்சியில இது சுலபம். "அண்ணா, அரைக் கட்டை இறக்கிக்கலாமா"ன்னு ஒத்திகையில கேட்டா அடுத்த நிமிஷமே இறக்கி வாசிச்சிடுவாங்க. ஏற்கெனவே பதிவான டிராக்னா கதை வேற. கம்ப்யூட்டர்ல அதை ஏழு சுரஸ்தானம் (ஒன்றரைக் கட்டையிலேர்ந்து ஐந்தரைக்கு அவ்வளவு தூரம்) ஏத்தினா வாத்தியங்களோட சத்தமே மெலிஞ்சு பொம்மை மாதிரி ஆயிடும். அதைத் தவிர்க்க ரெண்டு மூணு சுரஸ்தானம் மட்டும் நகர்த்திட்டு, மிச்சத்தைக் குழந்தை தொண்டையால சமாளிக்கட்டும்னு விடுறது உண்டு. கீழ சரணத்துல குரல் கேக்கவே மாட்டேங்குது, மேல கத்துறாங்கன்னு நமக்குத் தோணுற பல பாட்டுக்குக் காரணம் இந்தச் சமரசம். "லோயர் நோட்ஸ் இன்னும் ஒர்க் பண்ணணும்மா"ன்னு நடுவர் சொல்வார். அந்த நோட்ஸை அந்த உடம்பு இன்னும் நாலஞ்சு வருஷத்துக்குத் தராது.

2010-ல 'அமெரிக்காஸ் காட் டாலண்ட்' நிகழ்ச்சியில ஜாக்கி எவாங்கோன்னு ஒரு சிறுமி வந்தாங்க. பத்து வயசு. முதிர்ந்த ஆபரா பாடகி மாதிரியான குரல்ல பாடி ரெண்டாவது இடம் வாங்கினாங்க. பார்த்தவங்க அசந்து போனாங்க. குரல் பயிற்சி ஆசிரியர்களுக்குள்ள மட்டும் ஒரு விவாதம் கிளம்புச்சு: அந்த முதிர்ந்த ஒலி அந்த வயசு தர்றதா, இல்ல குழந்தை தொண்டையை இறுக்கி உண்டாக்குறதா? ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாங்க. மேடையில அந்தக் கேள்விக்கு இடமே இல்ல.

[திரையில்: நாட்காட்டித் தாள்கள் புரள்கின்றன]

அடுத்தது காலம். ஒரு சீசன் சில மாசம் ஓடும். பன்னிரண்டு, பதிமூணு வயசுப் பையனுக்குச் சில மாசங்கிறது பெரிய இடைவெளி. ஆடிஷன்ல இருந்த குரல் இறுதிச் சுற்றுல இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

குரல் உடையும்போது பையங்களுக்குக் குரல்வளை வேகமா வளருது, சுருதி கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழ இறங்குது. பொண்ணுங்களுக்கும் இந்த மாற்றம் உண்டு, இதைப் பலரும் கவனிக்கிறதில்ல. அவங்களுக்கு இறங்குறது ரெண்டு மூணு சுரம்தான், ஆனா சில காலம் குரல்ல காத்து கலக்கும், பழகின சுரத்துல பிசிறு தட்டும். வீட்டுல "பிராக்டீஸ் பத்தல"ன்னு திட்டு விழும். பாவம், அது பிராக்டீஸ் சமாச்சாரமே இல்ல.

குரல் உடையுற வயசும் நிலையானதில்ல. ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல இசையமைப்பாளர் பாக் நடத்தின பாடகர் குழுவோட 1727-லேர்ந்து 1749 வரைக்குமான பதிவுகளை ஆராய்ந்திருக்காங்க. அங்க பையங்களுக்குக் குரல் உடைஞ்சது சராசரியா பதினாறு, பதினேழு வயசுல. இன்னிக்கு அது பதிமூணு, பதினாலுக்கு வந்திருக்கு. உணவும் உடல்நலமும் மேம்பட்டதுதான் முக்கியக் காரணமாச் சொல்றாங்க. அந்தக் காலத்துக் குழுவுக்கு ஒரு பையனைப் பழக்கி ஏழெட்டு வருஷம் பாட வைக்க முடிஞ்சது. இப்போ அந்த ஜன்னல் சுருங்கிடுச்சு. வியன்னாவுல புனித ஸ்டீபன் தேவாலயக் குழுவுல பாடின ஒரு பையன், குரல் உடைஞ்சதும் 1749 வாக்குல வெளியே அனுப்பப்பட்டான். பேர் ஜோசப் ஹைடன், பின்னாடி பெரிய இசையமைப்பாளரா ஆனவர். எலிமினேஷன் ஒண்ணும் டிவி கண்டுபிடிச்ச விஷயமில்ல.

பிரிட்டனோட ஆலெட் ஜோன்ஸ் 1980-கள்ல புகழோட உச்சியில இருந்த சிறுவர் பாடகர். பதினாறு வயசுல குரல் உடைஞ்சது, சிறுவர் குரல்ல பாடுறது அத்தோட நின்னுச்சு. அப்புறம் வளர்ந்த ஆண் குரலோட திரும்பி வந்து பாடினார், ஒலிபரப்பாளராவும் ஆனார். நடுவுல விட்ட இடைவெளி அவரைக் கெடுத்திடல.

ஐரோப்பிய நாடுகளோட சிறுவர் பாட்டுப் போட்டி 'ஜூனியர் யூரோவிஷன்' 2003-ல ஆரம்பிச்சப்போ 8-லேர்ந்து 15 வயசு வரைக்கும் சேர்த்தாங்க. 2016-லேர்ந்து அது 9-லேர்ந்து 14 வரைக்கும்னு ஆச்சு. மேல்வரம்பு எதுக்கு வைக்கப்பட்டதோ, குரலைப் பொறுத்தவரை அந்த ஒரு வருஷக் குறைப்பு நியாயம்தான். பத்து வயசுக் குரலையும் உடைஞ்சு முடிஞ்ச பதினஞ்சு வயசுக் குரலையும் ஒரே மேடையில வச்சு மார்க் போடுறது ரெண்டு வேற வாத்தியத்தை ஒப்பிடுற வேலை.

[திரையில்: ஒலிக்கலவை மேசை, ஏறி இறங்கும் பச்சை விளக்குகள்]

இனி ஸ்டூடியோ. இதை வேகமாப் பார்த்திடலாம், ஏன்னா பலருக்கும் பாதி தெரியும். நாம வீட்டுல கேக்குறது மைக்குல பதிவான குரல் அப்படியே இல்ல. எதிரொலி சேர்ப்பாங்க, சத்தத்தைச் சமப்படுத்துவாங்க. பதிவு செஞ்சு ஒளிபரப்புற நிகழ்ச்சியில சுருதியையும் திருத்த முடியும். 2010-ல பிரிட்டனோட 'எக்ஸ் ஃபேக்டர்' ஆடிஷன் காட்சிகள்ல சுருதி திருத்தும் மென்பொருள் பயன்படுத்தினதா நேயர்கள் சத்தம் போட்டாங்க, நிகழ்ச்சித் தரப்பும் ஒத்துக்கிச்சு. நடுவர் முகத்தைக் காட்டுற துண்டு எந்தச் சுரத்துக்கு எடுத்ததுன்னு எடிட்டருக்குத்தான் வெளிச்சம். நடுவர் முன்னாடி வர்றவங்க எல்லாரும் கேமரா இல்லாத சுற்றுகள்ல ஏற்கெனவே வடிகட்டப்பட்டவங்கதான். ரொம்ப மோசமாப் பாடுறவங்களும் அப்படித் தேர்வானவங்கதான், இது கொஞ்சம் கொடுமை.

வாக்குக்கும் ஒரு வார்த்தை. 2012-ல 'அமெரிக்கன் ஐடல்' இறுதிச் சுற்றுக்கு 13 கோடியே 20 லட்சம் வாக்கு விழுந்ததா அறிவிச்சாங்க. அத்தனை பேர் வாக்களிச்சாங்கன்னு அர்த்தமில்ல, ஒருத்தரே திரும்பத் திரும்பப் போடலாம். அந்த எண்ணிக்கை காட்டுறது ரசிகர்களோட பிடிவாதத்தை. வளர்ந்தவங்க இதைத் தாங்கிக்குவாங்க. ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட "ஜனங்க உனக்கு ஓட்டுப் போடல"ன்னு சொல்றது வேற மாதிரி போய் இறங்கும்.

தோத்தவங்க கதை முடிஞ்சிடுறதும் இல்ல. ஜெனிஃபர் ஹட்சன் 2004-ல 'அமெரிக்கன் ஐடல்'ல ஏழாவது இடத்துல வெளியே போனாங்க. 2007-ல கையில ஆஸ்கர் விருது. ஜெயிச்சு மேல வந்தவங்களும் உண்டு. சுநிதி சௌகான் 1996-ல தூர்தர்ஷன் நடத்தின 'மேரி ஆவாஸ் சுனோ'வோட வெற்றியாளர். ஷ்ரேயா கோஷல் பள்ளி வயசுல 'ச ரி க ம' போட்டியோட குழந்தைகள் சிறப்புச் சுற்றுல ஜெயிச்சவங்க, 2002-ல முதல் இந்திப் படத்துலயே தேசிய விருது வாங்கினாங்க. ஜெயிச்சும் அடுத்த வருஷம் பேர் மறந்து போனவங்களை இந்த மாதிரிப் பட்டியல்ல யாரும் சேர்க்கிறதில்ல. நானும் இப்போ சேர்க்கல பாருங்க.

[திரையில்: ஒப்பனை அறைக் கண்ணாடி, சுற்றிலும் விளக்குகள், தண்ணீர் பாட்டில்]

கடைசியா உழைப்பு நேரம். குழந்தைக் கலைஞர்களுக்கு எப்படிச் சட்டம் போடுறாங்கன்னு பார்க்க இந்தியாவோட 2017 குழந்தைத் தொழிலாளர் விதிகள் நல்ல உதாரணம். பாடகரும் அதுல அடக்கம். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, ஓய்வில்லாம மூணு மணி நேரத்துக்கு மேல கூடாது. தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும். வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதம் குழந்தை பேர்ல தேசியமயமான வங்கியில வைப்பு நிதியாப் போகணும். குழந்தைக்கு விருப்பமில்லாம பங்கேற்க வைக்கவும் கூடாது.

நல்ல விதிகள். ஆனா அது எண்ணுறது படப்பிடிப்பு நேரத்தை. தொண்டை எண்ணுறது வேற கணக்கு. காலையில வீட்டுல சாதகம், வழியில கார்ல டிராக் போட்டு ஒத்திகை, ஏசி அறையில காத்திருக்கும்போது மத்த குழந்தைங்களோட கத்தி விளையாட்டு, அப்புறம் ஒத்திகை, அப்புறம்தான் டேக். மைக் முன்னாடி பாடுற ரெண்டு நிமிஷத்தால தொண்டை கெடுறதில்ல, அதுக்கு முன்னாடி போன பத்து மணி நேரம்தான் கெடுக்குது. மோதின இடமே திரும்பத் திரும்ப மோதினா குரல் நாண்ல காய்ப்பு மாதிரி சின்னச் சின்ன முடிச்சு விழும். குழந்தைங்களுக்கு இதுக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான், அறுவை சிகிச்சைக்குப் போறது அபூர்வம்.

இந்த வீடியோ பார்க்கிறவங்கள்ல சிலர் உங்க பிள்ளையை ஆடிஷனுக்குக் கூட்டிட்டுப் போற எண்ணத்துல இருப்பீங்க. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பாட்டோட கீழ்ச் சுரம் எது, மேல் சுரம் எதுன்னு முதல்ல பாருங்க, எவ்வளவு பிரபலம்ங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். டிராக்கா, நேரலை வாத்தியமான்னு நிகழ்ச்சிக்காரங்ககிட்ட முன்னாடியே கேளுங்க. சுருதி மாத்தணும்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்னும் கேளுங்க. குரல் உடையுற சமயம்னா நடு ஸ்தாயியில லேசாப் பாடறதை நிறுத்த வேண்டியதில்ல, பழைய உச்சியை எட்டிப் பிடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீங்க. போட்டி முடிஞ்சும் குரல் கரகரப்பு நாலு வாரத்துக்கு மேல நீடிச்சா, கஷாயம் மட்டும் கொடுத்துக்கிட்டு இருக்காம, காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்டப் போய்க் குரல் நாணைக் கேமரா வச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

[திரை இருள்கிறது]