பழகத் தெரியாத பிள்ளையா?

சிறப்பாசிரியர்களுக்கும் வட்டார வள மையப் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

‘பிறரோடு பழகுவதில் பின்தங்கியுள்ளார்.’ காதுகேளாத மாணவர்களைப் பற்றிய அறிக்கைகளில் இந்த வரியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஒருவேளை எழுதியும் இருப்பீர்கள். எதை வைத்து அதை எழுதுகிறோம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் செல்வாக்கோடு இருக்கும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை எடுத்துக்கொள்வோம். பிள்ளை அன்றாட வாழ்வில் வயதுக்கேற்ப வளர்ந்திருக்கிறதா என்று அளப்பது இது. 1930-களில் அமெரிக்காவில் உளவியலாளர் எட்கர் டால் உருவாக்கியது. பின்னர் மாலின் இதை இந்தியச் சூழலுக்கு மாற்றியமைத்தார். பெற்றோரிடம் கேட்டுக் கேட்டு நிரப்புவார்கள். தானாகச் சாப்பிடுகிறானா, உடுத்துகிறானா என்பதில் சிக்கல் இல்லை. சிறு வாக்கியங்களில் பேசுகிறானா, நடந்ததை எடுத்துச் சொல்கிறானா என்று வரும்போது பிள்ளை சறுக்குகிறான். கையால் சொன்னால் கணக்கில் சேருமா? அது மதிப்பெண் போடுபவரின் மனத்தைப் பொறுத்தது! சேர்க்காவிட்டால், காது கேட்கவில்லை என்பதையே இரண்டாம் முறை அளந்து, சமூக முதிர்ச்சிக் குறைவு என்று பெயர் சூட்டுகிறோம்.

அப்படியானால் குறையே கிடையாதா? உண்டு. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிகராகுவாவில் 1970-களின் இறுதியில் காதுகேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒன்றுகூடியபோது, அவர்களுக்குள்ளேயே ஒரு சைகை மொழி பிறந்தது. முதலில் வந்தவர்களின் மொழியில் நினைப்பது, அறிவது போன்ற மனச் செயல்களுக்கான சைகைகள் குறைவு. ஜெனி பையர்ஸும் ஆன் செங்காஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இவர்களைப் பற்றியது. பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்க முடிகிறதா என்று பார்க்க, ஒருவர் இல்லாதபோது பொருளை இடம் மாற்றினால், அவர் திரும்பி வந்து எங்கே தேடுவார் என்பது போன்ற சோதனையைப் படங்களை வைத்து நடத்தினார்கள். முதல் தலைமுறையினர் வளர்ந்த பெரியவர்கள். ஆனாலும் பின்னால் பள்ளிக்கு வந்த இளையவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில், அந்தச் சைகைகள் அவர்களிடம் பெருகிய பிறகு, தேறினார்கள். காது மாறவில்லை, மொழி மாறியது.

காதுகேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கும்போது ‘என்ன?’ என்று கேட்பான். ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. அத்தை ஏன் கோபித்தாள், மாமா எதைச் சொல்லிச் சமாதானம் செய்தார் என்பதையெல்லாம் மற்ற பிள்ளைகள் காதில் விழுந்தே கற்கிறார்கள். இவனுக்கு யாராவது அமர்ந்து சொல்ல வேண்டும்.

ஓரளவு கேட்கும் பிள்ளை இன்னும் ஏமாற்றிவிடுவான். அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரி. ஐந்து பேர் மாறிமாறிப் பேசும் மதிய உணவு நேரத்தில் பாருங்கள்: புரியாமலே தலையாட்டுவான், பிறர் சிரித்த பிறகு சிரிப்பான். சிலர் விடாமல் பேசுவார்கள். தான் பேசும்வரை பிறர் பேச்சைப் பிடிக்க வேண்டியதில்லை அல்லவா? அதை நாம் ‘அடக்கமில்லை’ என்று குறித்துவைக்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்திக்கொண்டு சாதாரணப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைக் காணலாம்.

தோளைத் தட்டிக் கூப்பிடுவதும், தரையை மிதித்து அதிர்வால் அழைப்பதும், முகத்தையே உற்றுப் பார்ப்பதும் சைகை பேசுவோரிடையே முறையான பழக்கங்கள். நம் படிவத்தில் இவை முரட்டுத்தனமாகிவிடுகின்றன. காதுகேளாத மாணவர்களை மனத்தில் வைத்தே தயாரித்த படிவங்களும் உண்டு. காதுகேளாதோருக்கான அமெரிக்கப் பல்கலைக்கழகமான கலாடெட்டில் 1980-களின் தொடக்கத்தில் உருவான மெடோ–கெண்டல் படிவம் அவற்றில் ஒன்று. அதையும் அப்படியே மொழிபெயர்த்து இங்கே ஓட்டிவிட முடியாது.

எனவே ஓர் அறையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். விளையாட்டிடத்தில் பாருங்கள்; கேட்கும் பிள்ளைகளோடும், சைகை தெரிந்த நண்பனோடும் தனித்தனியே பாருங்கள். இரண்டிடத்திலும் திணறினால் கவலைப்படலாம். ஓரிடத்தில் மட்டும் என்றால் அந்த இடத்தைத் திருத்துங்கள். முடிந்தால் காதுகேளாத ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த மொழியில் கேட்டீர்கள், கருவியின் பேட்டரி வேலை செய்ததா, அறையில் எவ்வளவு இரைச்சல் என்பதை அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்; மதிப்பெண் அதற்குக் கீழே வரட்டும்.