வாட்டம்

பெங்களூர்த் தமிழ் நேயர்களுக்கு என் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்கா மகன் வந்து நின்றான். "மாமா, வர்த்தூர் தாண்டி ஒரு லேஅவுட்டில் சைட் பார்த்திருக்கிறேன். 30 அடிக்கு 40 அடி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள்" என்றான். ரோடு, வடிகால் வேலைகளில் முப்பது வருஷம் சைட் இன்ஜினியராக இருந்தவன் நான். சொந்தத்தில் யார் மனை வாங்கினாலும் இப்படி ஒரு அழைப்பு வரும். கிளம்பிப் போனேன்.

இடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாசலில் பெரிய வளைவு. இரண்டு பக்கமும் பாக்கு மரங்கள். புதுத் தார் ரோடு, ஓரத்தில் மஞ்சளும் கறுப்பும் அடித்த கெர்ப் கல். அவன் காட்டிய மனை கடைசி கிராஸில், மூலையில் இருந்தது. நான் வாட்ச்மேனிடம் ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு வாங்கி, ரோட்டின் நடுவில் மெதுவாக ஊற்றச் சொன்னேன்.

ஊற்றின தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். பிரியவில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்து எங்களை நோக்கி வந்தது. கெர்ப் கல்லை ஒட்டிப் பத்தடி ஓடியது. மழைநீர் வடிகாலுக்குள் இறங்குவதற்காக வைத்திருந்த இரும்புச் சல்லடைக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டது. உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்தேன். சல்லடை ரோட்டைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. உள்ளே இறங்க வழியில்லாமல் தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கி நின்றது. ஒரு சருகு அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனையும் ஒரே ஒரு பக்கெட் தண்ணீருக்கு.

தண்ணீர் தானாக வடிந்து ஓடுவதற்கு விடுகிற சரிவுக்கு நம் மேஸ்திரிகளிடம் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: வாட்டம். குளியலறைத் தரைக்கு வாட்டம் சரியாக விடாத கொத்தனாரை எந்த வீட்டுக்கார அம்மாவும் சும்மா விடமாட்டார். ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார், திரும்பப் போடச் சொல்வார். அதே குடும்பம் ஒரு கோடி ரூபாய் கொடுத்து மனை வாங்கும்போது, வாசலில் போகிற ரோட்டுக்கு வாட்டம் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ரோடுகளுக்குத் தரநிலை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., இதற்குக் கணக்கு சொல்லியிருக்கிறது. கனமான தார் ரோட்டுக்கும் கான்கிரீட் ரோட்டுக்கும் நடுவிலிருந்து ஓரத்துக்கு 1.7 முதல் 2 சதவீதம் சரிவு. மெல்லிய தார்ப் பூச்சு என்றால் 2 முதல் 2.5. 6 மீட்டர் அகல ரோட்டில் 2 சதவீதம் என்றால் நடு முதுகு ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயரமாக இருக்கும். கண்ணுக்கு அதிகம் தெரியாத அளவுதான். ஆனால் அந்த 6 சென்டிமீட்டர் இல்லாமல் போனால் தண்ணீர் தாரின் மேலேயே நிற்கும். நின்ற தண்ணீர் ஜல்லியிலிருந்து தாரைப் பிரிக்கும், விரிசல் வழியாக அடியில் இறங்கி மண்ணை இளக்கும். அப்புறம் வண்டிச் சக்கரம் ஏறினால் பள்ளம்தான். ரோட்டில் குழி விழுந்ததும் தார் சரியில்லை என்று திட்டுகிறோம். நான் பார்த்தவரை, பாதிக் குழிகளுக்குக் காரணம் தார் இல்லை, வடியாமல் நின்ற தண்ணீர்.

சரி, வடிகாலுக்குள் இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது?

பெங்களூர் பெரிய ஆறு இல்லாத ஊர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. பெய்கிற மழை மூன்று பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது: கோரமங்களா–சல்லகட்டா, ஹெப்பாள், விருஷபாவதி. இந்தச் சரிவைப் பார்த்துத்தான் முன்னோர்கள் ஏரிகளைச் சங்கிலி மாதிரி வெட்டினார்கள். ஒரு ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது வழிந்து வெளியேறினால், அடுத்த ஏரிக்குத் தண்ணீர் வரும். நம் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் சொல்கிற அதே 'கோடி'தான் கன்னடத்திலும். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஓடுகிற பெரிய கால்வாய்க்கு இங்கே ராஜகாலுவே என்று பெயர். அதில் வந்து சேருகிற சின்ன வாய்க்கால்கள் வயல் வரப்பை ஒட்டி, ஒரு முழ அகலத்தில்கூட இருக்கும். கிராம வரைபடத்தில் மெல்லிய கோடாகத்தான் தெரியும். லேஅவுட் போடும்போது முதலில் காணாமல் போவது அந்த மெல்லிய கோடுகள்தான். மழை இல்லாத மாதங்களில் அவை வாய்க்கால் என்றே தெரியாது. ஜே.சி.பி. வந்து ஒரே நாளில் சமப்படுத்திவிடும்.

சங்கிலியின் கண்ணியை அறுத்தால் என்ன ஆகும் என்பதை 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பார்த்தோம். விடிவதற்குள் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, அவுட்டர் ரிங் ரோடு எல்லாம் தண்ணீரில். பல கோடி ரூபாய் வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரிலும் படகிலும் கூட்டி வந்தார்கள். அந்த வீடுகளுக்குள்ளேயும் வடிகால் இருந்தது. வடிகாலின் கடைசி முனை சேர்கிற ராஜகாலுவே நிரம்பி வழியும்போது அங்கே தண்ணீர் வெளியே போகாது, வெளியிலிருந்து உள்ளே வரும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். நீங்களும் மனசுக்குள் போட்டுப் பாருங்கள். 10 ஏக்கர் ராகி வயல். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் மழை. வயலாக இருந்தபோது மண் பாதிக்கு மேல் குடித்துவிடும். பத்தில் மூன்று பங்கு வெளியே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 7 லட்சம் லிட்டர். அதே 10 ஏக்கரில் வீடு, ரோடு, சிமென்ட் முற்றம் எல்லாம் வந்தபிறகு பத்தில் எட்டு பங்கு ஓடும். 19 லட்சம் லிட்டருக்கும் மேல். 6,000 லிட்டர் டேங்கர் லாரிகள் முன்னூறு ஒரே மணி நேரத்தில் உங்கள் தெருவில் வந்து கவிழ்ந்த மாதிரி.

அதைக் கொண்டுபோக 2 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள கான்கிரீட் வடிகால், 250 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் என்ற வாட்டத்தில், விளிம்பு வரை நிறைந்து ஓடினால் ஏறக்குறைய போதும். ஏறக்குறையதான், கையிருப்பு எதுவும் இல்லை. அதில் பாதி உயரத்துக்கு மண்ணும் சிமென்ட் கழிவும் சேர்ந்தால் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடும். வாட்டத்தை 1,000-க்கு 1 என்று குறைத்தாலும் ஓட்டம் பாதியாகிவிடும், மெதுவாகப் போகிற தண்ணீர் மண்ணையும் படியவிடும். அதனால்தான் வடிகாலின் அளவை மட்டும் காட்டி "2 அடி போட்டிருக்கிறோம் சார்" என்று சொன்னால் நான் சமாதானம் ஆவதில்லை. வாட்டம் எவ்வளவு, கடைசி முனை எங்கே, அந்த முனையில் தரை மட்டம் எவ்வளவு, அது சேர்கிற கால்வாயில் வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும், இவ்வளவும் தெரிந்தாக வேண்டும்.

சட்டம் தூரத்தைத்தான் சொல்கிறது. பெங்களூர் நகரத்துக்கான 2015 மாஸ்டர் பிளான்படி பெரிய ராஜகாலுவேயின் மையத்திலிருந்து 50 மீட்டர், அடுத்த நிலைக்கு 25, மூன்றாவது நிலைக்கு 15 மீட்டர் கட்டடம் கூடாது. பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் இந்த விதியைக் கடுமையாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, பழைய அளவுகளுக்கே திருப்பியது. தூரம் அவசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 60 மீட்டர் தள்ளி இருக்கிற மனை ராஜகாலுவேயின் கரையைவிடத் தாழ்வாக இருந்தால் அந்த 60 மீட்டரால் என்ன பயன்? லேஅவுட் அனுமதிக்கு வருகிற ஒவ்வொரு வரைபடத்திலும் மனையின் நீள அகலத்தோடு அதன் தரை மட்டமும் எழுதப்பட வேண்டும், அதை வாங்குகிறவருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு காகிதம்தானே. எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும்.

வேலை நடக்கிற வரிசையும் முக்கியம். முதலில் கடைசி முனை. அங்கிருந்து மேலே ஏறி ஏறி வடிகால் கட்ட வேண்டும். அதோடு பாதாள சாக்கடை, குடிநீர்க் குழாய், ரோட்டுக்குக் குறுக்கே கேபிள் போக வெற்றுக் குழாய்கள். எல்லாம் முடிந்தபிறகுதான் ரோடு. நடப்பது தலைகீழ். மனை விற்க வேண்டும் என்று முதலில் தார் போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துக் குழாய்க்காக வெட்டுகிறார்கள். வெட்டின பள்ளத்தைத் தோண்டின மண்ணாலேயே மூடி, மண்வெட்டியால் நாலு தட்டு தட்டி விடுவார்கள். 15 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கினால் அது இறங்காது. அப்படி இறுக்குவதை நான் என் சர்வீஸில் கெஞ்சி, சண்டை போட்டுச் செய்ய வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் முதல் மழைக்கு ரோட்டின் குறுக்கே நீளமாக ஒரு குழி விழும். பைக்கில் போகிறவர் ராத்திரி அதில்தான் விழுவார்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, விட்டல் மல்லையா ரோடு இவற்றை டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள். குழாய், கேபிள் எல்லாம் நடைபாதைக்கு அடியில், தனித்தனி வழியில். ரோட்டை வெட்ட வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. பழைய நகரத்தின் நடுவில், போக்குவரத்தை வைத்துக்கொண்டே செய்ய முடிந்தது. வெறும் நிலத்தில் புதிதாகப் போடுகிற லேஅவுட்டில் முடியாதா?

இன்னொன்று, என் வீட்டுக் கதை. நான் லிங்கராஜபுரம் பக்கம் வீடு கட்டியபோது வாசற்படி ரோட்டைவிட ஒன்றரை அடி உயரம். அதன்பிறகு நாலு தடவை தார் போட்டார்கள். ஒரு தடவைகூடப் பழைய தாரைச் சுரண்டி எடுக்கவில்லை, மேலே மேலே போட்டார்கள். ரோடு உயர உயர என் வாசற்படி தாழ்ந்துகொண்டே போனது. ஒரு ஐப்பசி மழையில் ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவி எழுப்பினாள். கால் வைத்த இடத்தில் தண்ணீர். அடுப்படியில் இருந்த அரிசி மூட்டை அடியிலிருந்து நனைந்து, தூக்கும்போதே கையோடு கிழிந்தது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று அந்த வேலையைச் செய்த கான்ட்ராக்டரிடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லியிருந்தேன். புது லேஅவுட்காரர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சங்கம் அமைத்ததும் முதல் கூட்டத்திலேயே, மறுபடி தார் போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்திலேயே போட வேண்டும் என்று எழுதி வையுங்கள்.

வீட்டளவில் செய்யக்கூடியது மழைநீர் சேகரிப்பு. 30-க்கு 40 மனையில் கட்டும் புது வீட்டுக்கு பெங்களூரில் அது சட்டப்படி கட்டாயம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் 5,500 லிட்டர் விழுகிறது. தொட்டியும் உறிஞ்சு கிணறும் இருந்தால் அதில் நல்ல பங்கு தெருவுக்கே வராது. ஜெயநகரில் இதற்காகவே ஒரு பூங்கா இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

என் அக்கா மகன் கதைக்கு வருகிறேன். அங்கே பொறுப்பில் இருந்த பையனிடம் வடிகால் எங்கே முடிகிறது என்று கேட்டேன். நல்ல பையன், அவனுக்கே தெரியவில்லை. மூன்று பேரும் வடிகாலை ஒட்டியே நடந்தோம். காம்பவுண்டுச் சுவரில் ஒரு ஓட்டை. எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் முருங்கைத் தோட்டம். கால்வாய் இல்லை, குழாய் இல்லை. லேஅவுட் தண்ணீர் முழுவதும் அந்த மனிதரின் முருங்கைக்குள் போய் விழ வேண்டியதுதான். நாளைக்கு அவர் மண்ணைக் கொட்டி அந்த ஓட்டையை அடைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம். வரும் வழியில் வர்த்தூர் ஏரிக் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெல்லந்தூரில் நிரம்பி வருகிற தண்ணீர் இங்கே வந்து, இங்கிருந்து தட்சிண பினாகினியில் சேருகிறது. அதுதான் நம் தென்பெண்ணை. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, அங்கிருந்து காவேரிப்பட்டணம். அவன் அம்மா, என் அக்கா, இருப்பது காவேரிப்பட்டணத்தில்தான். "அப்போ நான் இங்கே வீடு கட்டினால், என் வாசலில் ஓடுகிற தண்ணீர் அம்மா ஊருக்குத்தான் போகுமா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு லேஅவுட் பார்க்கப் போகிறோம். பக்கெட்டை இந்தத் தடவை அவனே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

வணக்கம்.