கட்டளையும் நிலவரமும்

நேயர்களுக்கு வணக்கம். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே கைபேசியில் போடுகிறோம், நிறுத்துகிறோம். இணையத்தோடு சேர்ந்த இத்தகைய கருவிகள் பலவற்றில் சேதி போவது எம்க்யூடிடி என்ற முறையில். 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க அமைத்தது. செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம். அதனால்தான் சேதியின் முன்னே வரும் விவரப் பகுதி (ஹெடர்) இரண்டே பைட்டில் தொடங்குகிறது.

கைபேசி மோட்டாரோடு நேரே பேசுவதில்லை. நடுவே புரோக்கர் என்ற சர்வர். சேதிகளைப் பிரிக்க வைக்கும் பெயர்தான் டாபிக். 'மோட்டார் கட்டளை' என்ற டாபிக்கில் நீங்கள் அனுப்புவதை, அதற்குச் சந்தா சேர்ந்த கருவிக்கு அது கொடுக்கும். சேதியில் ரீடெய்ன் என்று குறித்தால், கடைசிச் சேதியைப் புரோக்கர் வைத்திருந்து, பிறகு யார் சந்தா சேர்ந்தாலும் உடனே கொடுக்கும்.

இங்கேதான் ஆபத்து. காலையில் 'போடு' என்று ரீடெய்னோடு அனுப்புகிறீர்கள். பிறகு மோட்டாரைக் கையால் நிறுத்துகிறீர்கள். ராத்திரி கரண்ட் போய்த் திரும்புகிறது. கருவி மறுபடி இணைந்ததும், காலையில் சொன்ன 'போடு' வந்து சேரும். மோட்டார் தானாக ஓடும். கிணற்றில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரின் கம்பிச் சுருள் எரியும். யாராவது அங்கே பழுது பார்த்துக்கொண்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே 'ஓடுகிறது', 'நின்றிருக்கிறது' என்று கருவி சொல்லும் நிலவரத்துக்கு ரீடெய்ன் வையுங்கள், கட்டளைக்கு வைக்கவே வேண்டாம். ஏற்கெனவே வைத்துவிட்டால், அதே டாபிக்கில் வெறும் சேதியை ரீடெய்னோடு அனுப்புங்கள், பழையது அழிந்துவிடும்.

கட்டளையின் வாசகத்திலும் கவனம் வேண்டும். சேதி சேருவதற்கான உறுதியைக் குறிப்பது க்யூஓஎஸ். அதை 1 என்று வைத்தால் சேதி கட்டாயம் சேரும், ஆனால் இரண்டு முறையும் சேரலாம். 'இருப்பதை மாற்று' என்ற கட்டளை இரண்டு தரம் போனால் ஓடிய மோட்டார் நின்று மறுபடி ஓடும். 'போடு', 'நிறுத்து' என்றே அனுப்புங்கள். 'போடு' பத்து தரம் வந்தாலும் கெடுதல் இல்லை.

கருவியே செத்துப்போனால்? இணையும்போதே அது ஓர் உயிலை புரோக்கரிடம் எழுதிக் கொடுக்கலாம்: 'என் பேச்சு நின்றால், இணைப்பில் இல்லை என்று எல்லோருக்கும் சொல்.' கருவி எவ்வளவு நேரத்துக்குள் ஒரு தரமாவது பேச வேண்டும் என்ற கெடுதான் கீப் அலைவ். அது 60 விநாடி என்றால், பேச்சு நின்றதும் புரோக்கர் 90 விநாடி பொறுத்துவிட்டு உயிலை வெளியிடும். இது நிலவரம், ஆகவே ரீடெய்ன் உண்டு. திரும்ப இணைந்ததும் கருவி 'இருக்கிறேன்' என்று அதே டாபிக்கில் சொல்ல வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. கருவி புரோக்கரிடம் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர் கிளையன்ட் ஐடி. இரண்டு கருவிக்கு ஒரே ஐடி கொடுக்காதீர்கள், ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். புரோக்கரின் வாசல் எண்ணான போர்ட் 1883-ல் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். சேதியைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் உள்ள 8883-க்கு மாற்றிவிடுங்கள். வணக்கம்.