ஊசியில் நூல் கோத்த அக்கா

நேயர்களுக்கு வணக்கம்.

லிட்டில் இந்தியாவில் மாலை கட்டும் அக்கா ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். வயது அறுபத்தெட்டு. மூக்குக் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க மாட்டார். போன வருடம் பார்க்கிறேன், கண்ணாடி மேசையில் கிடக்கிறது. "தம்பி, கண்ணு மறுபடியும் இளமையாயிடுச்சு" என்று என் முன்னாலேயே ஒரே முயற்சியில் கோத்துக் காட்டினார்.

அவருக்குப் பெருமை, எனக்குக் கவலை. நான் இருபது வருடமாகக் கண் சோதனை அறையில் வேலை பார்ப்பவன். வயதான பிறகு பக்கத்துப் பார்வை தானாகத் தெளிந்தால், கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நடுப்பகுதி இறுகுகிறதோ, கண்புரை தொடங்குகிறதோ என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். இறுகிய வில்லை ஒளியைக் கூடுதலாக வளைக்கும். பக்கத்தில் இருப்பது தெளியும், தூரத்தில் இருப்பது மங்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் இப்படி ஆவதுண்டு. "பஸ் நம்பர் தெரியுதா அக்கா?" என்றேன். "பக்கத்துல நிக்கிற பிள்ளைங்க சொல்லிடுவாங்க" என்றார்.

கண்ணைப் பற்றி அந்தக் கண்ணிடமே விசாரித்தால் இப்படித்தான் பதில் வரும். கிளகோமா எனும் கண் அழுத்த நோய் இதில் இன்னும் மோசம். ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தெரியாத இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் இழப்பு இழப்பாகவே தெரியாது. கண்ணில் காற்றடித்து அழுத்தம் பார்ப்பார்களே, அதில் 10 முதல் 21 வரை வந்தால் பொதுவாகச் சரி என்போம். ஆனால் அந்த அளவுக்குள் இருந்தும் பார்வை நரம்பு தேய்பவர்கள் உண்டு. ஆகவே நரம்பையும் பார்க்க வேண்டும், பார்வைப் பரப்பையும் அளக்க வேண்டும்.

பார்வைப் பரப்புச் சோதனைக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வரும்போது முகம் தேர்வில் தோற்ற பிள்ளை மாதிரி இருக்கும். "பாதியை விட்டுட்டேன், ஃபெயில்தானே?" கிடையாது. நீங்கள் பார்த்துவிட்டால் கருவி அடுத்த முறை வெளிச்சத்தைக் குறைக்கும், தெரியாமல் போகும் எல்லையைத் தேடித்தான் அது போகிறது. நல்ல கண்ணுக்கும் பல வெளிச்சங்கள் தப்பத்தான் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும், ஆனால் அவசரத்தில் நாங்களே சொல்ல மறந்துவிடுகிறோம்.

சரி, நம்மவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் கண் ஆய்வு நிலையம் 1997இல் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் முதலில் மலாய்க்காரர்களையும், பிறகு 2007 முதல் 2009 வரை இந்தியர்களையும், அடுத்துச் சீனர்களையும் சோதித்தார்கள். மூன்றும் சேர்த்துப் பத்தாயிரம் பேர். இந்தியர்கள் மட்டும் 3,400 பேர், எல்லாரும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். அதில் நீரிழிவு இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பத்துக்கு மூவரின் விழித்திரையில் அதன் பாதிப்பு இருந்தது. இனிப்பு நீர் என்று நம் வீட்டில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அதுதான்.

அந்த அக்காவுக்கும் நீரிழிவு உண்டு, பதினைந்து வருடமாக. கண் படம் எடுக்கச் சொன்ன தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கூசும், பூ கட்ட முடியாது என்பது அவர் நியாயம். பிழைப்பு கெடுமே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் கடை மூடியிருந்த ஒரு நாளில் வந்தார்.

மருந்து விட்டு அரை மணி நேரம் போல உட்கார்ந்தார். கண்ணின் பாப்பா அகன்றது. ஒரு பளிச். திரையில் ஆரஞ்சு வட்டம், அதில் கிளை விரிக்கும் ரத்தக் குழாய்கள், ஒரு பக்கம் மஞ்சளாக நரம்பு. உடம்பில் கத்தி படாமல் ரத்தக் குழாயை நேரே பார்க்கக்கூடிய இடம் இது. 1851இல் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கருவியை வெளியிடும் வரை, உயிரோடு இருப்பவரின் விழித்திரையை மருத்துவர்களால் சரியாகப் பார்க்க முடிந்ததில்லை. இன்று படத்தைக் கணினியே படித்துப் பார்க்கிறது. இங்கே உருவான அப்படி ஒரு மென்பொருளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ ஐந்து லட்சம் விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அதில் பலவும் நம் பலதுறை மருந்தகங்களில் எடுத்தவை. உங்கள் படமும் இருக்கலாம்.

அக்காவின் படத்தில் ஊசிமுனை அளவில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஆரம்ப நிலைதான், லேசர் எதுவும் தேவையில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து வருடா வருடம் படம் எடுத்தால் போதும் என்றார் மருத்துவர். கண்புரையும் தொடங்கியிருந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "செவ்வந்திப் பூ மாதிரி இருக்கே தம்பி." பிறகு அடுத்த வருடத் தேதியைக் கேட்டார். தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் வேண்டாமாம், மாலை ஆர்டர் குவிந்துவிடுமாம். நவம்பர் கடைசியில் போட்டுக் கொடுத்தேன்.