ஸ்கான் சுத்தம் என்றால்?

(திருகோணமலையில் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். பின்வரிசையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நிறையப் பேர் தெரிகிறார்கள். ரியூஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். பரீட்சைக்கு வராத விஷயம்தான் பேசப் போகிறேன்.

தலையைத் திறக்காமல் உயிரோடு இருக்கிற மனிதரின் மூளையைப் பார்ப்பது எப்படி, அதை வைத்து வலிப்பையும் மனநோயையும் எவ்வளவு தூரம் விளங்கிக்கொள்ளலாம் என்பதுதான் தலைப்பு. நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம் இருக்கிறது: “ஸ்கான் எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு, ஒன்றுமில்லையாம்.” மூதூரில் இருந்தோ குச்சவெளியில் இருந்தோ விடியற்காலையில் வெளிக்கிட்டு, கடன்பட்ட காசைக் கட்டி, படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு நடப்பதுதான் பொல்லாதது. ஒன்றுமில்லை என்றால் நடிக்கிறாள் என்று ஒரு கட்சி. செய்வினை என்று இன்னொரு கட்சி. சுத்தமான ஸ்கானுக்கு அந்த இரண்டு அர்த்தமும் கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லத்தான் வந்தேன்.

இந்தக் கதையைத் தொடக்கி வைத்தவரே ஒரு மனநல வைத்தியர். ஜேர்மனியின் யேனா நகரில் இருந்த ஹான்ஸ் பேர்கர், 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அவர் இதில் இறங்கிய காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. இளம் வயதில் இராணுவ சேவையில் இருந்தபோது குதிரையில் இருந்து விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றைக்கே தகப்பனிடம் இருந்து தந்தி: சுகமாக இருக்கிறாயா? தூரத்து ஊரில் இருந்த சகோதரிக்கு மனம் பதறியதாம். ஒரு மனம் இன்னொரு மனத்துக்குச் செய்தி அனுப்புகிறதோ என்று தேடப் போனார் மனிதர். அது கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் செக்கனுக்குப் பத்துத் தரம் அளவில் எழும்பி, திறந்தால் அடங்கும் ஓர் அலைதான் கிடைத்தது. ஐந்து வருடம் கையில் வைத்திருந்து 1929இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் நரம்பு விஞ்ஞானி ஏட்ரியன் 1934இல் அதையே செய்து காட்டும்வரை பெரிதாக யாரும் நம்பவில்லை.

அதுதான் இன்றைய இ.இ.ஜி. எனக்குப் பழக்கமான அறை அது. மூக்கு வேரில் இருந்து பின்மண்டை எலும்பு வரைக்கும் அளவுநாடா பிடித்து, மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பசை தொட்டு ஒரு மின்வாயை ஒட்டுவோம். மண்டையோட்டைத் தாண்டி வருவது ஒரு வோல்ற்றின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். அதனால் தலையில் எண்ணெய் இருந்தால் எல்லாம் போச்சு. அம்மாமாரே, பிள்ளையை இ.இ.ஜிக்குக் கூட்டி வரும் நாளில் தலை முழுக வார்த்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று வரும். ரீச்சரின் முறைப்பாடு: வகுப்பில் பிராக்குப் பார்க்கிறாள். பிள்ளையை ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொல்வோம், இலக்கத்தையும் எண்ணச் சொல்வோம். பதினேழு, பதினெட்டு, பத்தொன்... அப்படியே நின்றுவிடும். கண் திறந்தபடி, கைகால் அசைவில்லை. அந்தக் கணத்தில் திரை முழுக்க, செக்கனுக்கு மூன்று என்ற கணக்கில், ஒரு கூர்முனையும் ஒரு அலையுமாக ஓடும். சில செக்கன் கழித்து எதுவும் நடக்காததுபோல் “இருபது” என்பாள். இதுவும் ஒரு வகை வலிப்புத்தான். இதே பிள்ளையின் எம்.ஆர்.ஐ படம், அதாவது பெரிய காந்தத்தை வைத்து எடுக்கிற மூளைப்படம், வடிவாக, சுத்தமாக இருக்கும். மூளையின் வடிவத்தில் பிழையில்லை, ஓட்டத்தில்தான் பிழை. மருந்து இருக்கிறது, அநேகமான பிள்ளைகளுக்கு நன்றாகவே கேட்கும்.

இ.இ.ஜியும் பொய்க்கும். சாதாரணப் பதிவு அரை மணித்தியாலம்தான். வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றுமே பிடிபடாது. இரவு நித்திரை கொள்ளாமல் முழித்திருந்துவிட்டு வரச் சொல்லி மறுபடியும் எடுப்பது அதனால்தான்.

எக்ஸ்ரே கதிரைத் தலையைச் சுற்றி அனுப்பி, கணினியால் படமாக்குகிற சி.ரி. ஸ்கானைப் பற்றி நீட்டப் போவதில்லை. 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தார்கள். அதற்கு முன்பு மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் உள்வெளிகளைப் பார்ப்பதற்கு முதுகில் ஊசி ஏற்றி, நீரை எடுத்துவிட்டுக் காற்றை அனுப்பிப் படம் எடுத்தார்கள் என்றால், நோயாளி பட்ட தலையிடியை யோசித்துப் பாருங்கள். பாரிசவாதம் வந்தால் அது இரத்தக்கசிவா அடைப்பா என்று சில நிமிடத்தில் சொல்ல சி.ரி. இன்றைக்கும் ராஜா.

எம்.ஆர்.ஐ கதிர்வீச்சு இல்லாதது. ஆனால் அதன் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு பலமானது, ஆள் இல்லாத நேரத்திலும் அணையாது. சேலைக்குக் குத்தின ஊசியும் கொண்டை ஊசியும் கழற்றச் சொல்லுவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் இன்னொன்று இருக்கிறது. யுத்தகாலத்தில் பட்ட ஷெல் துண்டோ சன்னமோ உடம்பில் இருந்தபடியே வாழ்கிறவர்கள் நம்மிடையே உண்டு. பழைய கதை, ஏன் சொல்லுவான் என்று மறைக்க வேண்டாம். வெல்டிங் ஒட்டுவேலை செய்து கண்ணில் இரும்புத்தூள் பட்டவர்களும்தான். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். சொல்லாமல் உள்ளே போவது ஆபத்து.

சரி, மூளை வேலை செய்வதையே பார்க்க முடியாதா? ஒக்சிசன் உள்ள இரத்தமும் அதை இழந்த இரத்தமும் காந்தத்துக்கு முன்னால் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பது 1936இலேயே தெரியும். 1990இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா அதை எம்.ஆர்.ஐயில் பிடித்தார், 1992இல் மனிதரில் செய்து காட்டினார்கள். வேலை செய்கிற இடத்துக்கு இரத்தம் கூட வரும், அந்த இடத்துக்கு நிறம் பூசுகிறார்கள். பத்திரிகையில் சிவப்பும் மஞ்சளுமாக வருகிற படம் அதுதான். கலியாண வீட்டில் அடுப்படிக்கு எத்தனை வாளி தண்ணீர் போகிறது என்று வாசலில் நின்று எண்ணினால், உள்ளே சமையல் மும்முரம் என்று சொல்லலாம். என்ன கறி என்று சொல்ல முடியாது. அதுவும் இந்த இரத்தம் ஐந்தாறு செக்கன் பிந்தித்தான் உச்சத்துக்கு வரும். நரம்போ மில்லிசெக்கனில் வேலையை முடித்துவிடும்.

2009இல் அமெரிக்காவில் ஒரு குழு செத்த சல்மன் மீன் ஒன்றை ஸ்கானருக்குள் வைத்தது. மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன மனநிலையில் இருக்கிறார்கள் என்று மீனிடம் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மீனின் மூளையில் ஓரிடம் “வேலை செய்கிறது”! நம் சந்தையில் ஐஸ் போட்ட பாரையைக் காட்டி, இது யோசிக்கிறது என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டார். ஆராய்ச்சியாளர்களுக்கும் அது தெரியும். ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்தால் சில தற்செயலாகவே மாட்டும், அதற்குத் திருத்தம் செய்யாமல் படம் வெளியிடாதீர்கள் என்று சக விஞ்ஞானிகளுக்குச் சொன்ன குத்தல் அது. சிரிக்க வைத்து யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசும் 2012இல் கிடைத்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கத் தெரிந்த துறைதான் உருப்படும்.

இனி மனநோய். மனப்பிளவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களின் மூளையில் நீர் அறைகள் பெருத்திருப்பதை 1976இலேயே சி.ரி. மூலம் கண்டார்கள். நெடுநாள் மனச்சோர்வில் ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சற்றுச் சிறிதாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் சராசரி. நூறு நோயாளிகளையும் நூறு சுகதேகிகளையும் வரிசைப்படுத்தினால் சராசரிகள் விலகும். தனியாள் ஒருவரின் படத்தைத் தூக்கிக் காட்டி இவர் எந்த வரிசை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. 2022இல் நேச்சர் என்ற விஞ்ஞான இதழில் வந்த பெரிய ஆய்வு இன்னும் கடுமையாகச் சொன்னது: இப்படியான தொடர்புகள் நம்பகமாகத் தெரிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கானோரைப் படம் எடுக்க வேண்டும். அதுவரை பெரும்பாலும் இருபது முப்பது பேரை வைத்துத்தான் காலம் ஓடியது. ஆகவே ஸ்கான் எடுத்து உங்கள் மனச்சோர்வைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால், காசைப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள். மனநல வைத்தியர் உங்களோடு அரை மணித்தியாலம் கதைப்பதுதான் இன்றைக்கும் முதல் பரிசோதனை.

அப்படியானால் மனநோய் கிளினிக்கில் இருந்து ஏன் ஸ்கானுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்பீர்கள். வேறு வருத்தம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். கட்டி இருக்கலாம், தொற்று இருக்கலாம். 2007இல் அடையாளம் கண்ட ஒரு மூளை அழற்சி இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை, அதாவது நரம்புகள் செய்தி வாங்கும் வாசல்களை, தாக்கும். இளம் பெண்களில்தான் கூட. சுகமாக இருந்த பிள்ளை திடீரென்று பிதற்றுவாள், ஆட்களைக் கண்டு பயப்படுவாள், வாய் கோணும், வலிப்பும் வரும். நம் ஊரில் இதற்கு என்ன பெயர் வைப்போம், எங்கே கூட்டிக்கொண்டு போவோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதிலும் பலருக்கு எம்.ஆர்.ஐ சுத்தம். இ.இ.ஜி பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், முதுகுநீர்ப் பரிசோதனை உறுதிப்படுத்தும். நேரத்தோடு மருந்து தொடங்கினால் அநேகர் தேறி விடுகிறார்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போங்கள், நான் மறிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் போங்கள்.

புதிதாக வருகிறவற்றில் இரண்டைச் சொல்கிறேன். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.இ.ஜி கருவிக்கு முன்பு மைனஸ் 269 பாகையில் திரவ ஹீலியம் வேண்டும், தலையை அசைக்கவும் கூடாது. 2018இல் பிரித்தானியாவில் ஒரு குழு, ரூபிடியம் ஆவியில் வேலை செய்யும் சின்ன உணரிகளை ஒரு தலைக்கவசத்தில் பொருத்திக் காட்டியது. அதை மாட்டிக்கொண்டு ஒருவர் தேத்தண்ணி குடித்தார், பந்து தட்டினார். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அடங்கி இராத பிள்ளைகளையும் நடுக்கவாதக்காரரையும் பார்க்க இது பெரிய வழி. ஆனால் வெளிக் காந்தத்தைத் தடுக்கும் அறை இன்னும் தேவை. இரண்டாவது, பலம் குறைந்த காந்தம், அளவில் 0.064 ரெஸ்லா மட்டுமே உள்ள, சில்லுப் பூட்டிய எம்.ஆர்.ஐ. 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சாதாரண பிளக்கில் வேலை செய்யும், கட்டிலடிக்கே தள்ளிக்கொண்டு வரலாம். படம் மங்கல்தான். தலைநகரில் இருக்கும் தெளிவான படத்தைவிட, கட்டிலடியில் கிடைக்கும் மங்கலான படம் எனக்குப் பெரிது.

கேள்வி நேரத்தில் ஓர் ஐயா எழும்பி, “இதெல்லாம் இங்கே வருமட்டும் நாங்கள் என்ன செய்கிறது?” என்று கேட்டார். கையில் இருக்கும் போனை எடுங்கள் என்றேன். வலிப்பு வந்தால் ஒருவர் ஆளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். மற்றவர் வீடியோ எடுக்க வேண்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா என்று தெரிய வேண்டும். இயந்திரத்துக்குள் இருக்கும்போது வராத வலிப்பு வீட்டில்தான் வருகிறது, அந்த வீடியோ பல தடவை ஸ்கானைவிடக் கூடக் கதை சொல்லும். வாய்க்குள் கரண்டி வைக்காதீர்கள், கையில் திறப்புக்கோர்வையைத் திணிக்காதீர்கள். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள். அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள்.