பெயர் போடாத வாத்துக்காரர்

எல்லோருக்கும் வணக்கம்.

1940களில் அமெரிக்கப் பிள்ளைகள் மாதாமாதம் வாங்கிப் படித்த டிஸ்னி காமிக்ஸ் இதழ்களில் எழுதியவர் பெயரும் இருக்காது, வரைந்தவர் பெயரும் இருக்காது. அட்டையில் வால்ட் டிஸ்னி என்று மட்டும் போட்டிருப்பார்கள். அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் வரைகிறார் என்று நம்பிய பிள்ளைகளும் உண்டு. கொஞ்சம் கூர்ந்து பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். டொனால்ட் டக் என்ற வாத்தின் கதைகளில் சில சப்பென்று இருக்கின்றன. சில பிரமாதமாக இருக்கின்றன. பிரமாதமானவை எல்லாம் ஒரே ஆளின் கை. பெயர் தெரியாததால் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்று அழைத்தார்கள்.

அந்த ஆளின் பெயர் கார்ல் பார்க்ஸ். கதை, வசனம், பென்சில், மை எல்லாம் அவர்தான். 500க்கும் மேற்பட்ட கதைகள், 6,000க்கும் மேற்பட்ட பக்கங்கள். பெயரே போடாத பக்கத்தில் ஒருவரை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1901இல் ஓரிகன் மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே காது சரியாகக் கேட்காமல் போனது. பள்ளிப் படிப்பும் சீக்கிரமே நின்றது. அப்புறம் செய்யாத வேலை இல்லை. மரம் வெட்டினார், கோவேறு கழுதை ஓட்டினார், அச்சகத்தில் இருந்தார், ரயில் பட்டறையில் ரிவெட் அடிக்கும் கும்பலோடு வேலை பார்த்தார். இடையிடையே சிரிப்புப் படம் வரைந்து பத்திரிகைகளுக்கு அனுப்புவார். அதை வைத்து மினியாபொலிஸில் ஒரு நகைச்சுவை இதழில் வேலை கிடைத்தது. 1935இல் டிஸ்னி ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது வயது 34.

அங்கே முதலில் கொடுத்தது இடைப்படம் வரைகிற வேலை. ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் பெரிய ஓவியர் வரைவார். நடுவில் வருகிற படங்களை இவர் நிரப்ப வேண்டும். சரியான செக்குமாட்டு வேலை. அதிலிருந்து அவரைக் காப்பாற்றியது ஒரு முடிதிருத்தும் நாற்காலி. தானியங்கி நாற்காலியில் டொனால்ட் தலைகீழாக மாட்டிக்கொள்கிறது. இயந்திரம் அதன் பின்புறத்துக்கு முடிவெட்டிவிட்டு, முகத்தை ஷூ என்று நினைத்து பாலிஷ் போடுகிறது. இந்த யோசனையை எழுதிக் கொடுத்தார். 1937இல் வந்த படத்தில் அது இடம்பெற்றது. கதைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

1942இல் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தார். கலிஃபோர்னியாவில் கோழிப்பண்ணை வைத்துப் பிழைக்கலாம் என்று திட்டம். கைச்செலவுக்காக வாத்துக் கதை வரைய ஒப்புக்கொண்டார். 1943 முதல் மாதம் பத்துப் பக்கம். கோழி என்ன ஆனதோ, வாத்து நிலைத்துவிட்டது.

திரைப்படத்தில் டொனால்டுக்குக் கத்துவதைத் தவிர வேறு வேலை கிடையாது. பேசுவது பாதி புரியாது. பார்க்ஸின் கையில் அது ஒரு முழு மனிதன் ஆனது. கதைக்குக் கதை புதுசாக ஒரு வேலையில் சேரும். தன்னை விட்டால் ஆளில்லை என்று பீற்றிக்கொள்ளும். கடைசியில் எல்லாம் குட்டிச்சுவர். மாற்றி மாற்றி வேலைக்குப் போய் அவமானப்பட்டவருக்குத்தான் இதை இப்படி எழுத வரும் என்று எனக்குத் தோன்றும்.

1949இல் வந்த சதுர முட்டைக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. டொனால்ட் ஓர் அருங்காட்சியகத்தில் கடைநிலைத் துப்புரவு ஊழியர். தூசி தட்டும்போது ஒரு சதுரக் கல்லைக் கீழே போட்டு உடைக்கிறது. பார்த்தால் அது கல் இல்லை, முட்டை. உடனே பெரிய மனிதர்களின் குழு ஒன்று பெரு நாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது. வழியில் அந்தப் பழைய முட்டையில் செய்த ஆம்லெட்டால் அத்தனை பேரும் படுத்துவிட, பொறுப்பு ஒவ்வொரு படியாக இறங்கி இறங்கிக் கடைசியில் டொனால்டின் தலையில் விழுகிறது. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த இடம் புரியும்! மூடுபனிக்குள் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வீடு சதுரம், கோழி சதுரம், மனிதர்களே சதுரம். வட்டமாக எதைச் செய்தாலும் குற்றம். பாடுபட்டு இரண்டு கோழிகளை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தால், இரண்டும் சேவல்.

இந்தக் கதையில் வரும் ஆண்டிஸ் மலையின் கல் சுவர்களை பார்க்ஸ் வரைந்தது நேஷனல் ஜியோகிரஃபிக் இதழ்களைப் பார்த்துத்தான். பல நாடுகளைக் கதையில் சுற்றிக் காட்டியவர் ஐரோப்பாவை முதன்முதலாக நேரில் பார்த்தது 1994இல், 93 வயதில். இதனால் வந்த குறையையும் சொல்ல வேண்டும். பிற நாட்டு மக்களை வரையும்போது அந்தக் காலத்துக் கேலிச்சித்திர அச்சிலேயே பல இடங்களில் வார்த்துவிட்டார். இன்று படிக்கும்போது நெருடுகிறது.

சரி, ஸ்க்ரூஜுக்கு வருகிறேன். 1947இல் ஒரு கிறிஸ்துமஸ் கதைக்காக டொனால்டுக்குப் பணக்கார மாமா ஒருவர் தேவைப்பட்டார். ஒரே கதையோடு முடிந்திருக்க வேண்டிய சிடுமூஞ்சிக் கிழவர். 1952இல் அவர் பெயரிலேயே தனி இதழ் வந்துவிட்டது. நாணயக் குவியலுக்குள் நீச்சலடிக்கும் கஞ்சர் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது 1954இல் வந்த கதை. பணத்தொல்லையால் நரம்புத் தளர்ச்சி வந்து, பணமே இல்லாத ஓர் இமயமலைப் பள்ளத்தாக்குக்கு ஸ்க்ரூஜ் ஓடுகிறார். அங்கே அவர் எறிந்த மருந்து பாட்டில் மூடி ஒருவன் கையில் கிடைக்கிறது. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பொருள். அவ்வளவுதான், ஆளாளுக்கு அதற்கு விலை பேசுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொன்று கிடைத்தால் சண்டை ஓயும் என்று விமானத்தில் நூறு கோடி மூடிகளுக்கு ஏற்பாடு செய்கிறார். மூடி மழை வயல்களை மூடுகிறது. நேற்றுவரை பொக்கிஷமாக இருந்தது இன்று குப்பை. பணவீக்கத்தைப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இந்தக் கதைகளை வரைந்த காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கை சுகமாக இல்லை. 1951இல் இரண்டாவது திருமணம் முறிந்தது. 1954இல் ஓவியர் கேரியை மணந்த பிறகுதான் அமைதி வந்தது. வசன பலூன்களில் எழுத்துகளை எழுதித் தந்து அவரும் வேலையில் கைகொடுத்தார்.

வாசகர் ஒருவர் அவருடைய பெயரையும் முகவரியையும் தேடிப்பிடித்துக் கடிதம் எழுதியது 1960இல். அதாவது கிட்டத்தட்ட 17 ஆண்டுகள், கோடிக்கணக்கான பக்கங்கள் அச்சாகிப் போன பிறகு. ஆறே ஆண்டுகளில், 1966இல், ஓய்வு பெற்றார். பேட்டி, பரிசு, எண்ணெய் வண்ணத்தில் வரைந்த வாத்து ஓவியங்களுக்கு ஏலத்தில் போட்டி, எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. 2000இல், 99 வயதில் காலமானார்.

கடைசியாக ஒன்று. 1953இல் ஸ்க்ரூஜின் இளமைக்காலத் தங்கவேட்டையைச் சொல்லும் கதையில், மதுக்கடை அடிதடியும் ஒரு பெண்ணை அவர் தூக்கிச் செல்வதும் வருகின்றன. பிள்ளைகளுக்கு ஆகாது என்று பதிப்பாசிரியர் அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டார். பார்க்ஸ் அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். 1981இல் ஒரு தொகுப்பில் அவை கதைக்குள் திரும்பச் சேர்ந்தன. அச்சேறிய பக்கங்களின் மூலப்படங்களைப் பதிப்பகம் இடத்தை அடைக்கிறது என்று பெரும்பாலும் அழித்துவிட்டது. அந்தக் காலத்தில் அவர் கை மை தொட்ட தாள் என்று இன்று பார்க்கக் கிடைப்பவற்றில் பெரும்பங்கு, அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவை.